சாம்பல் காருக்குப் பின்னால்

வேனக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. அவள் ஓட்டுகிற வேனில் ஏறும் கணக்கு வாத்தியாருக்கு எழுபத்திரண்டு. அவரும் அவளை வேனக்கா என்றுதான் கூப்பிட்டார். "உங்க மக வயசு சார் எனக்கு. நான் எப்படி உங்களுக்கு அக்கா ஆவேன்?" என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தாள். "ஸ்டியரிங் யார் கையில இருக்கோ அவங்கதான் வண்டியில பெரியவங்க" என்று வாத்தியார் முடித்துவிட்டார். அதற்கு மேல் அவளும் வாதாடவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் யார் வாதாடி ஜெயித்திருக்கிறார்கள்?

அது ஆஸ்பத்திரி வேன். சிறுநீரகம் பழுதானவர்களை வாரத்தில் மூன்று நாள் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய் டயாலிசிஸ் பிரிவில் விட வேண்டும். ரத்தம் சுத்தமாகி அவர்கள் வெளியே வந்ததும் திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். செவ்வாய், வியாழன், சனிக்கு அவளுடைய தடத்தில் மூன்று பேர். வாத்தியார், தையலம்மா, பூட்டுக்காரர். ஏழு வருஷமாக இதே வேலை. காலையில் வீட்டில் எல்லா வேலையையும் முடித்து, முழங்கால் வலியோடு டைல்ஸ் ஒட்டப் போகும் புருஷனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, வேனில் ஏறி உட்காரும்போதே பாதி நாள் முடிந்த களைப்பு இருக்கும். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, "கடவுளே, ஏத்தினவங்களை இறக்கிவிடற வரைக்கும் கூடவே இரு" என்று சொல்லிக்கொள்வாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்டதில்லை.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு கணக்கு உண்டு. இரண்டாவது பேட்ச் பதினொன்றரைக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடியும். ஆளுக்கு நாலு மணி நேரம். தாமதமாக வருகிறவருக்காக மெஷின் காத்திருக்கும். ஆனால் முடிகிற நேரத்தில் அது காத்திருக்காது. அடுத்த பேட்ச் ஆட்கள் கதவுக்கு வெளியே கால் வீங்கி உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே ரோட்டில் போகிற ஒவ்வொரு நிமிஷமும் நோயாளியின் உடம்பிலிருந்துதான் போகும். அழுக்கும் நீரும் அவ்வளவுக்கு அவ்வளவு உள்ளேயே தங்கிவிடும்.

போன வாரம் மூன்று நாளும் தாமதம். செவ்வாய் இருபது நிமிஷம், வியாழன் இருபத்தைந்து, சனி பதினைந்து.

"மொத்தம் ஒரு மணி நேரம்" என்று வாத்தியார் கூட்டிச் சொன்னார். அவருக்குக் கூட்டாமல் இருக்க முடியாது. ஆளுக்கு ஒரு மணி நேரம் ரத்தம் சுத்தமாகவில்லை.

காரணம் ஒன்றே ஒன்று. ஒரு சாம்பல் நிறக் கார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரிய ரோட்டில் பாலம் வேலை நடப்பதால் இரண்டு மாதமாக எல்லா வண்டியும் கால்வாய்க்கரை ரோட்டில்தான் போக வேண்டும். நாலு கிலோமீட்டர். ஒரு பக்கம் கால்வாய், தடுப்புச் சுவர் கிடையாது. மறுபக்கம் குடோன்களின் நீண்ட மதில். எதிரே ஓயாமல் லாரிகள். முந்துவதற்கு வழியே இல்லை. அந்த ரோட்டில் இரண்டு வாரமாக, மிகச் சரியாகப் பதினொரு மணிக்கு, வேனுக்கு முன்னால் அந்தக் கார் வந்து மாட்டிக்கொள்கிறது. இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. ஓரமாக ஒதுங்காது. நடு ரோட்டில், கோடு போட்ட மாதிரி, ஊர்ந்துகொண்டே இருக்கும். பின் கண்ணாடியில் வெயிலுக்காக ஒட்டிய கறுப்பு வலை. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கரை ரோடு முடிந்ததும் வேன் முந்திப் பறந்துவிடும், திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது.

பூட்டுக்காரர்தான் அதற்கு நத்தை என்று பெயர் வைத்தார். அவர் கடைத்தெருவில் பூட்டுச் சாவி ரிப்பேர் பார்த்தவர், நாற்பத்தைந்து வயது. "எந்தப் பூட்டையும் திறந்துடுவேன், இந்த ரெண்டு கிட்னியை மட்டும் எந்தப் பய பூட்டிட்டுப் போனான்னு தெரியல" என்பார். வேனில் சிரிப்பு என்று ஒன்று இருந்தால் அது அவரால்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வாயைத் திறக்கவில்லை. வேனில் ஏற்றும்போதே அவர் மனைவி வேனக்காவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, ரெண்டு ராத்திரியா மனுஷன் படுக்கல. படுத்தா மூச்சு முட்டுது. நாற்காலியிலேயே உட்கார்ந்து விடிய வைக்கிறார். நெஞ்சுல தண்ணி கோத்திருக்காம். இன்னைக்கு முழுசா நாலு மணி நேரம் ஓடினா தப்பிச்சார், இல்லைன்னா ஐசியுல சேர்க்கணும்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க."

"நீ கவலைப்படாதே. பதினொன்றரைக்கு அவர் நாற்காலியில இருப்பார்."

சொல்லிவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டே வேனைக் கிளப்பினாள்.

கால்வாய்க்கரை ரோட்டில் திரும்பியபோது மணி பதினொன்று மூன்று. கொஞ்ச தூரம் காலியாக இருந்தது. அவள் மூச்சு விட்டாள். முதல் வளைவைத் தாண்டியதும், எங்கிருந்தோ அளந்து வைத்த மாதிரி, சாம்பல் கார்.

"வந்துட்டாங்கய்யா" என்றாள் தையலம்மா. அறுபது வயது, வாழ்நாள் எல்லாம் ரவிக்கை தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். "இவங்க வீட்டுல கடிகாரமே கிடையாதா?"

"கடிகாரம் இருக்கும். அதுல சின்ன முள் மட்டும் இருக்கும்" என்றார் வாத்தியார். "இருபதுல போனா நாலு கிலோமீட்டருக்குப் பன்னெண்டு நிமிஷம். ஆனா இவங்க பதினஞ்சுலதான் போறாங்க. அப்போ பதினாறு. அதுக்கப்புறம் சிக்னல், அதுக்கப்புறம்…"

"சார், கொஞ்சம் கணக்குப் போடாம வாங்களேன்" என்றாள் வேனக்கா.

கண்ணாடியில் பூட்டுக்காரரைப் பார்த்தாள். முன்சீட்டின் முதுகைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. முகத்தில் நல்ல நிறம் இல்லை.

அவள் ஹாரன் அடித்தாள். கார் இன்னும் மெதுவானது. எப்போதும் அப்படித்தான். ஹாரன் அடித்தால் வேகம் எடுக்க வேண்டும், அல்லது ஒதுங்க வேண்டும். இந்தக் கார் மட்டும் ஹாரன் கேட்டதும் பிரேக் பிடிக்கும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று போன வாரமே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"திமிர்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பின்னால ஆஸ்பத்திரி வண்டி வருது. எழுத்து அவ்வளவு பெருசா எழுதியிருக்கு. ஒரு தடவை கண்ணாடியில பார்த்தா என்ன?"

"பார்த்துட்டுத்தான் செய்யறாங்க. சில பேருக்கு அதுல ஒரு சந்தோஷம்" என்றாள் தையலம்மா.

பூட்டுக்காரர் மூச்சுக்கு நடுவில் சொன்னார். "வேனக்கா… நான் இறங்கி… நடந்து போயிடவா? முன்னாடி போயிடுவேன்." யாரும் சிரிக்கவில்லை. அந்த வேடிக்கையை அவர் மூன்று மூச்சில் சொன்னதுதான் எல்லாருக்கும் கேட்டது.

அவளுக்குள் ஏதோ அறுந்தது. ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை. பத்து நொடி, பதினைந்து நொடி. விளக்கையும் அடித்து அடித்துக் காட்டினாள். ஏழு வருஷத்தில் இப்படி அவள் ஹாரன் அடித்ததில்லை. தெருநாய்க்குக்கூட மெல்லத்தான் அடிப்பாள்.

சாம்பல் கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. நடு ரோட்டில் நின்றேவிட்டது. இன்ஜின் அணைந்திருந்தது. மறுபடி கிளப்பும் சத்தம் கர்ரென்று கேட்டது, அடங்கியது, கேட்டது, அடங்கியது. பின்னால் ரொட்டி வண்டி, அதன் பின்னால் லாரி, அதன் பின்னால் யார் யாரோ.

"பதினொன்று பன்னெண்டு" என்றார் வாத்தியார், தாழ்ந்த குரலில்.

வேனக்கா கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது எல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்தது.

"ஏங்க, ரோடு என்ன உங்க வீட்டுக் கூடமா? ஓட்டத் தெரியலைன்னா பஸ்ல போங்க! பின்னால ஒரு உயிர் மூச்சு விட முடியாம உட்கார்ந்திருக்கு. நீங்க நடு ரோட்டுல காத்து வாங்கிட்டுப் போறீங்க. கண்ணாடின்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கான்? பொட்டு வச்சுக்கறதுக்கா?"

ஜன்னலைத் தட்டினாள். கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

உள்ளே ஒரு பெண். முப்பது வயதிருக்கும். சாவியைப் பிடித்திருந்த விரல்கள் வெடவெடவென்று ஆடின. உள்ளே மேலே இருந்த பின்பார்வைக் கண்ணாடி கூரையைப் பார்த்துத் திருப்பி விடப்பட்டிருந்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். வேனக்காவுக்கு முதலில் முகம் பிடிபடவில்லை. கண்ணைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. அந்தக் கண்களை அவள் எப்போதும் முகக்கவசத்துக்கு மேலேதான் பார்த்திருக்கிறாள்.

"சிஸ்டர்?"

டயாலிசிஸ் பிரிவுக்கு மூன்று மாதம் முன்பு வந்த சிஸ்டர்.

இங்கே அந்த சிஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் கையில் இரண்டு தடித்த ஊசி போட வேண்டும். பூட்டுக்காரரின் ரத்தக்குழாய் வழுக்கிக்கொண்டு ஓடும் ரகம். மற்ற சிஸ்டர்கள் நாலு குத்து, ஐந்து குத்து குத்தி, கை வீங்கி, ஒருநாள் பாதியிலேயே விட்டிருக்கிறார்கள். இந்த சிஸ்டர் மட்டும் அவசரப்பட மாட்டாள். விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். பேச மாட்டாள். அடுத்த நாற்காலிக்காரர் முணுமுணுத்தாலும் நிமிர மாட்டாள். பிறகு ஒரே குத்து. அவ்வளவுதான். "கை வலிக்காத சிஸ்டர்" என்று பூட்டுக்காரர் பேர் வைத்திருந்தார். போன சனிக்கிழமைதான் அதிசயமாக அவளுக்கே மூன்று குத்து ஆனது. "என்ன சிஸ்டர், உங்களுக்கும் அந்த நத்தைதானா? மூச்சு வாங்க ஓடி வரீங்களே" என்று அவர் கேட்டார். "ஆமாண்ணா, ரோடு மோசம்" என்று சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேனக்கா அப்போது கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், நீங்களா?" என்றாள் வேனக்கா.

"லைசென்ஸ் வாங்கி இருபது நாள்தான் அக்கா ஆகுது" என்றாள் சிஸ்டர். "பாலம் வேலைன்னு எங்க பக்கம் பஸ்ஸை நிறுத்திட்டாங்க. அவர் நைட் டூட்டி முடிச்சுக் கார் வீட்டுக்கு வரவே பத்தே முக்கால் ஆயிடுது. இந்தப் பக்கம் கால்வாயைப் பார்த்தா கை ஓரத்துக்கே போக மாட்டேங்குது. விழுந்துடுவேன்னு தோணுது. பின்னால ஹாரன் கேட்டா கால் தானா பிரேக்ல போயிடுது."

"அந்தக் கண்ணாடி?"

"முதல் நாள் பார்த்தேன். உங்க வேன் பெருசா, ரொம்பக் கிட்ட… பயமா இருந்துச்சு. அதான் திருப்பிட்டேன். நீங்க எல்லாரும் திட்டறது என்னைத்தான்னு ரெண்டாம் நாளே தெரியும் அக்கா. சொல்ல வாய் வரல."

அவள் செய்தது தப்புதான். பயம் வந்தால் பின்னால் வருகிறவரைப் பார்க்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தது தப்பு. தெரிந்தும் சொல்லாதது அதைவிடத் தப்பு. வேனக்காவுக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் கண் அந்த விரல்களை விட்டு நகரவில்லை. இன்னும் கால் மணி நேரத்தில் அந்த விரல்கள்தான் பூட்டுக்காரர் கையில் ஊசி ஏற்ற வேண்டும். சனிக்கிழமை மூன்று குத்து ஏன் ஆனது என்று இப்போது விளங்கியது. தான் அடித்த ஹாரன் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் விளங்கியது. கோபம் போன இடத்தில் ஒரு பெரிய அலுப்பு வந்து உட்கார்ந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அலற விட்டான். சிஸ்டரின் தோள் துள்ளி விழுந்தது.

"நகருங்க சிஸ்டர். அந்தப் பக்க சீட்டுக்குப் போங்க."

வேனக்கா ஏறி, சாவியைத் திருகி, ஒரே கிளப்பில் காரை எடுத்து, எதிரே மூடிக் கிடந்த குடோன் கேட்டின் முன்னால் விட்டாள். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க, வேன்ல ஏறுங்க."

"ஸ்டாஃப் பேஷன்ட் வேன்ல வரக் கூடாதுன்னு ரூல் இருக்கே அக்கா."

"அந்த ரூல் எழுதினவங்க இந்த ரோட்டுல வந்ததில்லை. ஏறுங்க."

வேனின் கதவைத் திறந்து சிஸ்டரை ஏற்றியபோது உள்ளே மூன்று பேரும் பார்த்தார்கள். வேன் கிளம்பியது. சிஸ்டர் தையலம்மாவின் பக்கத்தில், ஓரத்தில், உட்கார்ந்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர்…" என்றார் பூட்டுக்காரர். "நத்தை… நீங்கதானா?"

அவள் தலையாட்டினாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"பேர் வச்சதுக்கு… மன்னிச்சுக்குங்க. ஊசியும்… நீங்க மெதுவாத்தானே… போடறீங்க. அது மட்டும்… எனக்கு வேணும். இது மட்டும்… வேண்டாம்னா… எப்படி?"

"அண்ணா, பேசாதீங்க. மூச்சு வாங்குது" என்று அவள் அழுதுகொண்டே அதட்டினாள். அழுகையிலும் அது சிஸ்டரின் அதட்டலாகவே இருந்தது.

தையலம்மா சிஸ்டரின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதன் மேல் தன் கைகளை வைத்து அமுக்கினாள். ஊசி வடுக்கள் புடைத்த கைகள்.

"நடுங்கற கையில நூல் கோக்க முடியாது. எனக்கு அது நல்லாத் தெரியும்" என்றாள். "சுடிதார் அவசரம்னு வாசல்ல ஆளு நிக்கும். ஊசிக் காது கண்ணுக்கே தெரியாது. அப்போ என்ன பண்ணுவேன் தெரியுமா? கையை மடியில போட்டுட்டு, அது என் கையே இல்லை, யாரோ வச்சுட்டுப் போன பொருள்னு விட்டுடுவேன். நீயும் விட்டுடு. நான் பிடிச்சிருக்கேன்ல, எங்கேயும் ஓடாது."

"ஆண்டவன் பார்த்துக்குவான்" என்றார் வாத்தியார். அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. கூட்ட முடியாத எதையும் அவர் வாயில் எடுக்கிறவர் இல்லை.

மீதி ரோடு காலியாக இருந்தது. வேனக்கா வேகமாகத்தான் ஓட்டினாள். ஆனால் பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் வேகத்தைக் குறைத்தாள். சிக்னலில் ஒரு பைக் குறுக்கே புகுந்தது. கை ஹாரனுக்குப் போனது, பாதி வழியில் திரும்பி வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். தையலம்மாவின் மடியில் நாலு கைகளும் ஒன்றாகக் கிடந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது மணி பதினொன்று முப்பத்தெட்டு. பூட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வேனக்காவே உள்ளே ஓடினாள். பிரிவுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் மெஷின்களைத் தயாராக வைத்திருந்தாள். எடை பார்த்தார்கள். பூட்டுக்காரர் நாலு கிலோ ஏறியிருந்தார். எல்லாம் தண்ணீர்.

வழக்கம் என்று ஒன்று உண்டு அங்கே. ஒருவருக்கு ஊசி போட்டு மெஷினில் இணைக்கக் கிட்டத்தட்டப் பத்து நிமிஷம் ஆகும். நாற்காலி எண் வரிசைப்படிதான் இணைப்பார்கள், அதே வரிசைப்படிதான் கழற்றுவார்கள். வாத்தியார் முதல் நாற்காலி. நாலு வருஷமாக அது அவருடையது. ஒருநாள் வேறு யாரையோ அதில் உட்கார வைத்ததற்காக மேலிடத்துக்கு இரண்டு பக்கம் புகார் எழுதியவர் அவர். பூட்டுக்காரர் மூன்றாவது நாற்காலி. அவருக்கு முறை வரும்போது பன்னிரண்டு தாண்டிவிடும்.

வாத்தியார் தன் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"சிஸ்டர், ஒரு கணக்கு" என்றார் பெரிய சிஸ்டரிடம். "மூணாம் நம்பரை முதல்ல மாட்டுங்க. பதினொன்னே முக்காலுக்கு ஓட ஆரம்பிச்சிடும். அடுத்தது தையலம்மா. நான் கடைசி. கழட்டும்போது அதைத் தலைகீழாப் பண்ணுங்க. என்னை மூணு இருபதுக்குக் கழட்டுங்க, அம்மாவை மூணரைக்கு, அவரைக் கடைசியில, மூணே முக்காலுக்கு. அடுத்த பேட்ச் ஆட்களை நீங்க எப்படியும் ஒவ்வொருத்தராத்தான் மாட்டப் போறீங்க. அவங்களுக்கு ஒரு நிமிஷமும் குறையாது. இவருக்கு முழுசா நாலு மணி நேரம் கிடைச்சிடும்."

பெரிய சிஸ்டர் அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு முக்கால் மணி நேரம் போயிடுமே சார்?"

"எனக்கு ஒரு கிலோதான் ஏறியிருக்கு. எடை நீங்களேதான் எழுதினீங்க. போதும்."

பெரிய சிஸ்டர் போனில் டாக்டரம்மாவைக் கேட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "சரின்னுட்டாங்க" என்றாள்.

"எனக்கும் சரி" என்றாள் தையலம்மா, அவளை யாரும் கேட்கும் முன்னாலேயே.

சிஸ்டர் உடை மாற்றி, கை கழுவி, முகக்கவசம் போட்டு வந்தாள். பூட்டுக்காரரின் கையைப் பிடித்தாள். வேனக்கா வெளியே போகவில்லை. கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கடவுளே, இன்னும் ஒரு விரல்கடை தூரம்தான்.

சிஸ்டர் தடவிப் பார்த்தாள். நிறுத்தினாள். கைகளை எடுத்துத் தன் தொடையின் மேல் வைத்தாள், ஐந்து எண்ணும் நேரம், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. வாத்தியார்கூட மணி பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தடவினாள். ஊசி போனது. குழாயில் சிவப்பு ஏறியது. இரண்டாவது ஊசியும் ஒரே குத்து.

பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வேனக்கா வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள், ஹாரனை அழுத்திய கை. பிறகு எழுந்து வாட்ச்மேனிடம் போனாள்.

"அண்ணே, உங்க பைக்ல கால்வாய்க்கரை வரைக்கும் என்னை விட முடியுமா? ஒரு காரை எடுத்துட்டு வரணும்."

"உங்க காரா அக்கா?"

"நம்ம கார்தான்."

மூன்றே முக்காலுக்கு மேல் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வாத்தியார் தளர்ந்துதான் போயிருந்தார். ஆனால் நிமிர்ந்து நடந்தார். பூட்டுக்காரரை சிஸ்டரே தள்ளிக்கொண்டு வந்தாள். முகக்கவசத்தைக் கழற்றியிருந்தாள். அவர் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது.

"மூணரை லிட்டர் எடுத்தாச்சு. நெஞ்சுல சத்தம் குறைஞ்சிருக்குன்னு டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை திரும்பப் பார்ப்பாங்க" என்றாள் சிஸ்டர்.

"வேனக்கா" என்றார் பூட்டுக்காரர் ஒரே மூச்சில், "நடுவுல நிறுத்தாம ஒரு வாக்கியம் பேசி மூணு நாளாச்சு, அதனால சும்மாவாவது ஒண்ணு பேசிப் பார்க்கறேன்."

வேனக்கா சிரித்தாள். சிரித்ததும் கண் கலங்கியது. சாவியை எடுத்து சிஸ்டரிடம் நீட்டினாள்.

"கார் பின்பக்கம் நிக்குது. சிஸ்டர், நான் அடிச்ச ஹாரனுக்கு மன்னிச்சுக்குங்க."

"ஐயோ அக்கா, நான்தான்…"

"இருங்க, நான் முடிச்சுக்கறேன். அந்த ரோட்டுல ரெண்டாவது வளைவைத் தாண்டினா பம்ப் ஹவுஸ் கிட்ட மதில் உள்வாங்கியிருக்கு. மதில் பக்கம், கால்வாய் பக்கம் இல்லை. எதிர்ல லாரி இல்லாதப்போ அங்க ஒதுங்கி நின்னீங்கன்னா நாங்க போயிடுவோம். அப்புறம் நீங்க உங்க இஷ்டத்துக்கு வாங்க. மெஷினைப் பெரிய சிஸ்டர் எப்படியும் ரெடி பண்ணி வச்சிடுவாங்க. எடை பார்த்து உட்கார வைக்கிறதுக்குள்ள நீங்க வந்துடலாம்."

"அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை அக்கா."

"முன்னால மட்டுமே பார்த்தா எப்படித் தெரியும்? கண்ணாடியை நிமிர்த்தி வச்சிருக்கேன். வியாழக்கிழமை அதுல வேன் தெரிஞ்சா பயப்படாதீங்க. உள்ள நான்தான் இருப்பேன்."

"ஹாரன் அடிக்க மாட்டீங்களே?"

வேனக்கா யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண மாட்டேன் சிஸ்டர். எனக்கும் வீட்டுல, ரோட்டுல ஆயிரம் இருக்கு. முயற்சி பண்றேன்."

"கையை நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் தையலம்மா. "இன்னைக்கு ஒரு ஜோடி பிடிச்சுப் பழகியாச்சு."

சாயங்கால நெரிசலில் வேன் ஊர்ந்து ஊர்ந்து போனது. யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லத் தெம்பும் இல்லை. தையலம்மாவை இறக்கி, வாத்தியாரை இறக்கி, பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தபோது அவர் சீட்டில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து, சன்னமான குறட்டையோடு. அவர் மனைவி வேனின் கதவருகே ஓடி வந்தாள்.

"அக்கா, எத்தனை மணி நேரம்?"

"நாலு. முழுசா நாலு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். எழுப்பக் கையை நீட்டினாள். வேனக்கா அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம். கொஞ்ச நேரம் போகட்டும்."

"உங்களுக்கு நேரம் ஆகுமே அக்கா?"

"ஆகட்டும்" என்றாள் வேனக்கா. இன்ஜினை அணைத்தாள். இரண்டு பெண்களும் வேனின் படியில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, உள்ளே ஏறி இறங்குகிற அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.